நரம்பு சுருட்டலுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டு வைத்தியம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, முடிந்தால் காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

போன வாரம் என் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். "அம்மா, கத்தியும் இல்லாம, கம்பியும் விடாம, வெறும் ஒலி அலையை வச்சே வெரிகோஸ் வெயினைச் சரி பண்றாங்களாம். உன் இடது காலுக்கு இதைப் பார்க்கலாமா?" என்று கேட்டிருந்தாள். ஒலியால் எப்படி ரத்தக் குழாயை அடைக்க முடியும் என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் தேடாமல் இருக்க முடியாது, முப்பத்தைந்து வருடப் பழக்கம். தேடியதில் கிடைத்தது வைத்தியத்தின் கதை மட்டுமில்லை. ரோமாபுரித் தளபதி, இத்தாலியில் படித்த ஆங்கிலேய மாணவர், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிய பிரெஞ்சு விஞ்ஞானி என்று ஒரு பெரிய கூட்டமே அதில் வந்தது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் இதை நரம்பு சுருட்டல், நரம்பு முடிச்சு என்கிறோம். உண்மையில் இதற்கும் நரம்புக்கும் சம்பந்தமே இல்லை. மூளையிலிருந்து சேதி கொண்டுபோவதுதான் நரம்பு. காலில் பச்சையும் நீலமுமாகப் புடைத்துக்கொண்டு நிற்பது சிரை, அதாவது அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ஐந்தாம் வகுப்பில் தமனி, சிரை என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் எனக்கென்று வந்தபோது "காலில் நரம்பு சுருண்டிருக்கு" என்றுதான் ஓர் ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். சீட்டு போடும் இடத்தில் இருந்தவர் என்னை நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். சேலை மறைத்த காலை நானும் காட்டவில்லை, அவரும் பார்க்கவில்லை. குடைச்சல், மதமதப்பு என்று சொன்னதை வைத்து விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை தப்பானால் எட்டு மாதம் போகும் என்பதற்கு நானே சாட்சி. பார்க்க வேண்டியது ரத்தக்குழாய் டாக்டரை.

இனி வரலாறு.

எகிப்தில் கிடைத்த ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி சுமார் கி.மு. 1550-ஐச் சேர்ந்தது. பாம்புபோல் வளைந்து புடைக்கும் காலின் குழாய்களைப் பற்றி அதில் குறிப்பு உண்டு. அவற்றின்மேல் கத்தி வைக்காதே என்பதுதான் அந்த வைத்தியரின் அறிவுரை. கட்டுப்படுத்த முடியாத ரத்தப்போக்கை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றின் மேற்குச் சரிவில் அமினோஸ் என்ற வைத்திய வீரனுக்கு ஒரு சிறு கோயில் இருந்தது. அங்கே கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சலவைக்கல் பலகை கிடைத்திருக்கிறது. லிசிமாகிடஸ் என்ற பக்தர் வைத்த காணிக்கை. தாடி வைத்த ஒரு மனிதர், தன் உடம்பு உயரத்துக்கு ஒரு பெரிய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் காலின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிரை புடைத்து ஓடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வேளாங்கண்ணியிலும் நம் அம்மன் கோயில்களிலும் கால் வலிக்கு வெள்ளித் தகட்டில் கால் செய்து உண்டியலில் போடுகிறோமே, அதேதான். எங்கள் அம்மாவுக்காக நானும் ஒரு முறை போட்டிருக்கிறேன்.

அடுத்தவர் மாரியஸ். ஏழு முறை ரோம் நாட்டின் கான்சல் பதவியில் இருந்த பெரிய தளபதி. ஜூலியஸ் சீசரின் அத்தையைக் கட்டியவர், அதனால் சீசருக்கு மாமா முறை. இவருக்கு இரண்டு கால்களிலும் சிரை முடிச்சு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வைத்தியரை வரவழைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம், நோயாளியைக் கட்டிப்போட்டுத்தான் அறுப்பார்கள். மாரியஸ் கட்டவிடவில்லை. ஒரு காலை நீட்டி, முனகல்கூட இல்லாமல், முகம் மாறாமல் அறுக்கவிட்டார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். வைத்தியர் அடுத்த காலுக்குத் திரும்பினார். மாரியஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டார். படுகிற வலிக்கு ஏற்ற பலன் இதில் இல்லை என்பது அவர் கணக்கு.

வீரம் என்று பலரும் முதல் காலைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டாவது கால்தான் முக்கியமாகப் படுகிறது. அத்தனை பெரிய தளபதியே "போதும்" என்று சொல்ல வேண்டியிருந்த வைத்தியம் அது. கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் எழுதிய மருத்துவ நூலிலும் இரண்டே வழிதான்: பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது, அல்லது தோலைக் கீறிக் கொக்கியால் சிரையை இழுத்து வெட்டுவது. அடுத்த ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவின் பவுல் என்ற வைத்தியர் தொடையிலேயே சிரையைக் கட்டிவிடலாம் என்றார். அது நல்ல யோசனைதான். ஆனால் ஏன் கட்ட வேண்டும், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே அன்று யாருக்கும் தெரியாது.

இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் ஃபாப்ரீசியஸ் என்ற உடற்கூறு ஆசிரியர் இருந்தார். சிரைகளின் உள்ளே சின்னச் சின்னக் கதவுகள்போல் வால்வுகள் இருப்பதை விளக்கி 1603-இல் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். கண்ணால் கண்டார், அழகாக வரைந்தார். ஆனால் அவை எதற்கு என்பதில் தவறிவிட்டார். ரத்தம் கீழே போய்த் தேங்காமல் வேகத்தைக் குறைப்பதற்கு என்று நினைத்துவிட்டார். அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி. அந்தக் கதவுகள் ஒரே பக்கம்தான் திறக்கும், அந்தப் பக்கம் இதயம்தான் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டார். 1628-இல் ரத்த ஓட்டத்தைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். வாத்தியார் கண்டதற்கு மாணவன் அர்த்தம் கண்டான். ஆசிரியராக இருந்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

ஹார்வி புத்தகத்தில் உள்ள சோதனையை நீங்களும் செய்யலாம். முழங்கைக்கு மேலே ஒரு துணியை லேசாகக் கட்டுங்கள். கையில் சிரைகள் எழும்பும். நடுநடுவே சிறு முண்டு தெரியும், அதுதான் வால்வு. ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து அடுத்த முண்டைத் தாண்டித் தோள் பக்கமாக ரத்தத்தை நீவிவிடுங்கள். முண்டுக்கும் அழுத்திய விரலுக்கும் இடையில் காலியாகவே நிற்கும், மேலிருந்து ரத்தம் திரும்பி வராது. (கட்டை உடனே அவிழ்த்துவிடுங்கள். "டீச்சர் சொன்னாங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.)

காலில் இதே வேலை இன்னும் கடினம். ரத்தம் கணுக்காலிலிருந்து இதயம்வரை மேலே ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது பம்பு செட்போல் தள்ளுகிறது, வால்வு திரும்பி வராமல் பிடித்துக்கொள்கிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ரத்த அழுத்தம் 80, 90 வரை இருக்கும். நடக்க ஆரம்பித்தால் 30-க்குக் கீழே வந்துவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் அது இறங்காது. குழாய் வீங்கும், சுருளும், கணுக்கால் கறுக்கும், கடைசியில் புண் வைக்கும்.

எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, பதினோரு மணி வரை நின்றபடியே இட்லி ஊற்றி வியாபாரம் செய்து எங்களைப் படிக்க வைத்தார். இடது கணுக்காலின் உட்புறத்தில் ஒரு புண். வேப்பிலைத் தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் வைத்துக் கட்டுவோம். ஆறும், மறுபடி திறக்கும். சர்க்கரை இல்லாத உடம்பில் ஏன் ஆறவில்லை என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. காலை உயரத்தில் வைக்கச் சொன்னார் ஒரு கம்பவுண்டர். "நாலு பேர் வந்து போற வீட்டுல காலைத் தூக்கி வச்சிக்கிட்டு உட்காருவாங்களா?" என்று அம்மா கேட்கவே இல்லை. புண்ணோடுதான் போய்ச் சேர்ந்தார்.

வரலாற்றுக்குத் திரும்புகிறேன். 1846-இல் ஈதர் மயக்கமருந்தும், 1867-இல் லிஸ்டரின் கிருமிநீக்க முறையும் வந்த பிறகுதான் அறுவைக்கு அர்த்தம் வந்தது. 1890-இல் ஜெர்மனியின் டிரெண்டலென்பர்க், தொடையில் பெரிய மேற்சிரையைக் கட்டும் முறையை விளக்கினார். காலைத் தூக்கி ரத்தத்தை வடியவிட்டு, தொடையை அழுத்திப் பிடித்தபடி நோயாளியை நிற்க வைத்து, பிறகு விட்டுப் பார்க்கும் அவர் சோதனையை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அடுத்து அமெரிக்காவில் 1905, 1906, 1907 என்று அடுத்தடுத்த வருடங்களில் கெல்லர், மேயோ, பாப்காக் ஆகிய மூவர் சிரையை முழுதாக உருவி எடுக்கும் கருவிகளைக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டு முழுதும் அதுதான் ஆண்டது. மயக்கம் கொடுத்து, தொடை இடுக்கில் கீறி, கம்பியை உள்ளே விட்டு, சிரையைக் கட்டி உருவ வேண்டும். கால் முழுக்கக் கன்றிப்போகும், சிலருக்கு மறுபடியும் முளைக்கும்.

"குழாயையே எடுத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்?" என்று என் தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. காலின் ரத்தத்தில் பெரும்பகுதியை ஆழத்தில் தசைக்குள் இருக்கும் சிரைகள்தான் கொண்டுபோகின்றன. தோலுக்கடியில் இருப்பது கிளைச்சாலை. அதில் கெட்டுப்போன ஒன்றை மூடினால் போக்குவரத்து பிரதான சாலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் ஆழச்சிரை நன்றாக இருக்கிறதா என்று முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறார்கள். கெடாத மேற்சிரைக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 1967-இல் கிளீவ்லாந்தில் ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா டாக்டர் இதயத்துக்கு பைபாஸ் செய்யத் தொடங்கியது காலிலிருந்து எடுத்த இந்தச் சிரையை வைத்துத்தான்.

கத்தி இல்லாத ஒரு வழியைக் கண்டவர் ஓர் எஞ்சினியர். கான்ராட் ஜாப்ஸ்ட் என்று பெயர். அவருக்கே கால் சிரைக் கோளாறு. நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும் என்பது நம் எட்டாம் வகுப்பு அறிவியல். கணுக்காலில் இறுக்கமும் மேலே போகப் போகத் தளர்வுமாக ஒரு காலுறை செய்தால் குளத்தில் நிற்பதுபோல் இருக்குமே என்று 1950 வாக்கில் செய்தார். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் அழுத்தக் காலுறையின் பூர்வீகம் அதுதான். நம் வெயிலில் போட்டுக்கொண்டு நடப்பது ஒரு தவம், அது வேறு விஷயம்.

1990-களின் கடைசியில் ரேடியோ அலைவரிசையும், அதை ஒட்டி லேசரும் வந்தன. முழங்கால் பக்கம் ஓர் ஊசித் துளை, அதன் வழியே மெல்லிய கம்பி, அதன் நுனியில் சூடு. சிரையை உருவாமல் உள்ளேயே சுட்டுச் சுருங்கவிடுவது. அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். 2013-இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, முதலில் இந்தச் சூட்டு முறை, அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் இல்லையென்றால்தான் அறுவை என்று வரிசையையே மாற்றி எழுதியது. பசை வைத்து ஒட்டும் முறைகூட உண்டு. என் வலது காலுக்கு 2019-இல் லேசர்தான் செய்தார்கள். மறுநாள் காலை நானே காபி போட்டேன்.

இப்போது மகள் அனுப்பிய விஷயத்துக்கு வருகிறேன். இது இன்னொரு ஊரிலிருந்து கிளம்பி வந்த கதை.

1880-இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி (பின்னாளில் மேரி கியூரியின் கணவரானவர் அந்தத் தம்பிதான்) சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பது அடுத்து உறுதியானது. முதல் உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க, பியரின் மாணவர் பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்து நீருக்குள் மீயொலியை அனுப்பினார். நம் காது 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது, அதற்கு மேலே உள்ளதுதான் மீயொலி. தூலோன் துறைமுகச் சோதனையில் ஒன்று நடந்தது. அலை போகும் பாதையில் வந்த மீன்கள் செத்து மிதந்தன. நீரில் கையை வைத்தால் வலித்தது. கப்பலைத் தேடப் போனவர்கள், சத்தம் உடம்புக்குள் வேலை செய்யும் என்பதையும் கண்டுவிட்டார்கள்.

அதை நேரில் பார்த்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. வுட். போர் முடிந்த பிறகு, வால்ஸ்ட்ரீட் பணக்காரரும் விஞ்ஞானப் பித்தருமான லூமிஸின் சொந்த ஆய்வகத்தில் இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1927-இல் வெளியிட்டார்கள். 1942-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லின்னும் அவர் கூட்டாளிகளும் மீயொலியை ஒரே புள்ளியில் குவித்தார்கள். மாட்டு ஈரலின் உள்ளே ஒரு புள்ளி மட்டும் வெந்தது. மேற்பரப்புக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

பிள்ளைகளே, பள்ளி மைதானத்தில் குவிலென்ஸை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? லென்ஸுக்குக் கீழே பாதித் தூரத்தில் கையை வைத்தால் சுடாது, குவியும் புள்ளியில் வைத்தால் பொசுங்கும். அதே தத்துவம்தான். அங்கே ஒளி, இங்கே ஒலி. ஒளியால் உடம்புக்குள் ஆழமாகப் போக முடியாது, மீயொலியால் முடியும்.

1950-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ஃபிரான்சிஸ் ஃப்ரை என்ற சகோதரர்கள் இதை மூளைக்குக் கொண்டுபோனார்கள். (அந்தக் காலத்தில் அண்ணன் தம்பிகள் நிறையச் சாதித்திருக்கிறார்கள். இப்போது பாகப்பிரிவினை வழக்கு மட்டும்தான் நடக்கிறது.) அயோவாவின் மருத்துவர் மேயர்ஸுடன் சேர்ந்து பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் முயன்றார்கள். எலும்பு ஒலியைத் தடுத்ததால் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத்தான் செய்ய முடிந்தது. உள்ளே எங்கே சுடுகிறோம் என்று நேரடியாகப் பார்க்கவும் வழியில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு லென்ஸ் பிடித்த மாதிரி. ஸ்கேன் கருவிகள் தேறி வரும்வரை முப்பது நாற்பது வருடம் அந்த யோசனை காத்திருந்தது. 2004-இல் கர்ப்பப்பைக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. துணையோடும், 2016-இல் கை நடுக்கத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டாவதற்கு மண்டையைத் திறக்கவே தேவையில்லை.

சிரைக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்? கட்டி ஒரே இடத்தில் நிற்கும், சிரைக்குள் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீரில் கொதிக்கிற கரண்டியை வைத்தால் சூடு அடித்துக்கொண்டு போய்விடும் அல்லவா? அதனால் சுடும் நேரத்தில் சிரையை அழுத்திக் காலியாக்க வேண்டும். பிரான்சின் தெராக்ளியோன் நிறுவனம் செய்த சோனோவெயின் என்ற கருவிக்கு 2019-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. ஆஸ்திரியாவின் ஆல்ஃபிரட் ஓபர்மாயர், இங்கிலாந்தின் மார்க் ஒயிட்லி ஆகியோர் இதை முதலில் கையாண்டவர்கள். ஸ்கேன் கருவியும் சுடும் கருவியும் ஒரே தலையில் இருக்கின்றன. ரோபோ கை அதைப் பிடித்திருக்கிறது. டாக்டர் திரையில் சிரையைப் பார்த்துப் புள்ளி குறிக்கிறார். சில வினாடிகளில் அங்கே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவதுபோல் சிரையின் சுவர் இறுகிச் சுருங்குகிறது. பிறகு அடுத்த புள்ளி. தோல் சுடாமலிருக்கக் குளிர்ந்த நீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மகளிடம் நான் சொன்ன இரண்டு விஷயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். கத்தி இல்லை என்பது உண்மை. ஊசியே இல்லை என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை. சிரையை அழுத்தவும், தோலும் நரம்பும் (இது நிஜ நரம்பு!) சூட்டிலிருந்து விலகி நிற்கவும் மரத்துப்போகும் மருந்தைச் சுற்றிலும் ஏற்றிக்கொள்வது உண்டு. இரண்டாவது, 2019-இல் அனுமதி பெற்ற முறைக்கு இருபது வருட அனுபவம் இருக்க வழியில்லை. லேசருக்கு அது உண்டு. புள்ளி புள்ளியாகச் சுடுவதால் நேரமும் பிடிக்கும். கம்பியை நுழைக்க முடியாதபடி சுருண்டுபோன சிரைக்கும், புண்ணுக்கு அடியில் இருக்கும் சிரைக்கும் இது பெரிய வரமாக இருக்கலாம். அம்மாவின் புண்ணை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

இன்னொரு வரலாறும் இருக்கிறது, அது ஆஸ்பத்திரியில் நடந்ததில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற பெயரில் விஜி அக்காவின் தலைமையில் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் நம் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கடை ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும். சேலை எடுக்கப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்த ஸ்டூலைத்தான். பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, மேலே துணி மூட்டையும் இருக்கிறது. "ஏம்மா, இது உனக்குப் போட்டதுதானே?" என்று கேட்டால் அந்தப் பெண் மேலாளர் பக்கம் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

மாரியஸ் ஒரு காலோடு நிறுத்திக்கொண்டார். எனக்கும் இடது கால் பாக்கி இருக்கிறது. மீயொலிக்காகக் காத்திருக்கலாம் என்கிறாள் மகள். கணுக்காலின் உட்புறம் லேசாகக் கறுக்க ஆரம்பித்திருக்கிறது, அம்மாவுக்குப் புண் வந்த அதே இடம். அதனால் காத்திருக்கவில்லை. வருகிற வியாழக்கிழமை டாப்ளர் ஸ்கேன். சிரை நேராக இருந்தால் லேசரே போதும் என்றிருக்கிறார் டாக்டர். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் ஆட்டோ கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஸ்கேனில் என்ன வந்தது என்று வந்து எழுதுகிறேன்.